நாற்பது நாள் தீனி: மஅபர் குதிரைகளும் மாம்புரிக் குதிரையும்

கற்பிட்டிக் குடாநாட்டாருக்குக் கழுதை புதிதல்ல. வீதியின் குறுக்கே நிற்கும் கழுதைக்கு ஹோர்ன் அடித்து அடித்துப் பழகியவர்கள் நாம். ஆனால் குதிரை புதிது. சென்ற வருடம் என் தம்பி இரண்டரை வயதுக் குதிரை ஒன்றை லொறியில் கொண்டுவந்து மாம்புரியில் இறக்கினான். அன்று பின்னேரம் என்னிடம் பாடம் கேட்க வரவேண்டிய ஒன்பதாந் தரப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. எல்லோரும் தம்பியின் வெங்காயத் தோட்டத்து வேலியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். 'மா' என்ற சொல்லுக்குக் குதிரை என்றும் பொருள் உண்டு என்று நான் முன்னர் படிப்பித்திருந்தேன். அதை வைத்து ஊரின் பெயரையே அந்தக் குதிரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் பிள்ளைகள்.

தம்பியின் எண்ணம் பெரிது. கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிப்பது ஒன்று. உடம்பு தேறி வேகம் வந்தால் ஓட்டப் போட்டிக்கு விடுவது மற்றொன்று. "ராத்தா, நீங்க படிச்ச ஆள். அந்தக் காலத்துல நம்மட ஆக்கள் குதிரைக்கு என்ன தீனி குடுத்தாங்கண்டு ஒரு புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்களே" என்றான். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துவிட்டு, காயல்பட்டினத்துக் குதிரை வாணிகம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் எனக்கு இதைவிட இனிப்பான கேள்வி வேறில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினேன். வறுத்த வாற்கோதுமை, நெய் விட்ட தானியம், காய்ச்சிய பசும்பால், நாற்பது நாள் லாயத்தில் கட்டி வைத்துத் தேற்றுதல் என்று இருந்தது. வாற்கோதுமைக்குப் பதில் கொள்ளையும் சோற்றையும் வைத்துக்கொள் என்று என் சொந்தப் புத்தியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன்.

தம்பி சொன்னபடி செய்தான். குதிரை மினுமினுத்தது. பார்த்தவர்களெல்லாம் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நாற்பது நாளும் முடிந்த மறுநாள், சுபஹ் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் ஏறி ஓட்டினான். கால் மணித்தியாலம் போயிருக்காது. குதிரை நின்றுவிட்டது. உடம்பெல்லாம் வியர்வை. பின்னந்தொடைகள் பலகைபோல் இறுகிவிட்டன. ஓரடி எடுத்து வைக்க முடியாமல் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் அது பெய்த சிறுநீர் கடுஞ்சாயப் பிளேன்டீ நிறத்தில் இருந்ததைக் கண்டு தம்பி அழுதுவிட்டான்.

மிருக வைத்தியர் வந்தார். "இழுத்துக்கொண்டு நடக்க வேணாம், அப்பிடியே நிக்கட்டும்" என்றார். சேலைன் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார், தண்ணீர் தாராளமாகக் காட்டச் சொன்னார். பிறகுதான் என்ன தீனி என்று கேட்டார். நானே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "டீச்சர், இது கல்யாண வீட்டுச் சாப்பாடு. குதிரை புல்லுத் தின்ற மிருகம்" என்றார்.

அல்லாஹ்வின் கிருபையால் குதிரை பிழைத்தது. அன்றிரவு அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து முழுவதும் வாசித்தேன். முதல் தடவை நான் பாதியில் நிறுத்தியிருந்தேன். அடுத்த வரிகளில் அதை எழுதியவர் அந்தத் தீனியைப் புகழவில்லை; இப்படியும் ஒரு கொடுமையா என்று வியக்கிறார். குதிரைக்கு உணவு எப்படி வலுவாகிறது, எப்படி நஞ்சாகிறது என்று அதன் பிறகு நான் தேடி அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மஅபரில் நடந்தது

'மஅபர்' என்றால் அரபியில் கடக்கும் இடம். தமிழகத்தின் கிழக்குக் கரையை அரபு, பாரசீக எழுத்தாளர்கள் இப்பெயரால் குறித்தார்கள். அங்கிருந்து கடந்தால் நமது கரை. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கொண்ட கருத்து. எனவே மஅபரின் கதை நமக்கு அயலூர்க் கதையல்ல.

கடல் வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. ஆனால் அது பெருவாணிகமானது பாண்டியர் காலத்தில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவை ஆண்ட வணிகர் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகக் காயல் முதலிய துறைகளைப் பார்த்துக்கொண்டார். இதை எழுதியவர் ஷீராஸைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை. அதற்கு முந்திய ஒரு காலத்தில் மஅபருக்கும் குஜராத்துக் கம்பாயத்துக்கும் சுற்றியுள்ள துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்றும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தீனார் என்றும் அவர் கணக்குத் தருகிறார்.

ஆண்டுதோறும் இத்தனை குதிரை எதற்கு? வந்தவை நிலைக்கவில்லை என்பதே விடை. 1290களின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்கிறார். சோறும் அவித்த இறைச்சியும் சமைத்த பண்டங்களும் கொடுப்பதே அவை சாகக் காரணம் என்பது அவர் முடிவு. வஸ்ஸாஃபோ நெய்த் தானியத்தையும் பாலையும் சொல்லி, நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டி வைத்துக் கொழுக்க வைத்ததையும், பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டியதையும் சொல்கிறார். காற்றாய் வந்த குதிரை சில காலத்தில் சோர்ந்து, மந்தித்து, ஒன்றுக்கும் உதவாமல் போனது என்கிறார்.

இதில் ஒரு நியாயமும் பேச வேண்டும். அக்குதிரைகள் இறந்தது தீனியால் மட்டுமல்ல. வறண்ட நாட்டில் பிறந்த குதிரை ஈரப்பதம் மிகுந்த வெக்கையில் நாளடைவில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுவதுண்டு. குதிரை தன் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் வியர்வையால். வியர்வை நின்றால் அது உள்ளே வெந்துபோகும். ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய்களும் உண்டு. கடற்பயணத்தின் அலுப்பு வேறு. ஆனாலும் தீனி பற்றி இரண்டு வெளிநாட்டார் தனித்தனியே ஒரே குறையைச் சொல்கிறார்கள் என்றால், அதில் பொருள் இருக்க வேண்டும்.

குதிரையின் வயிறு

மாட்டுக்கு நான்கு அறை கொண்ட இரைப்பை. புல் முதலில் அங்கே புளித்து, நுண்ணுயிர்களால் உடைக்கப்பட்டு, அசைபோடப்பட்டுக் கீழே போகும். குதிரைக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதன் இரைப்பை ஒன்றே, அதுவும் சிறிது. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கே 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. தின்றது தவறானால் வந்த வழியே வெளியேற வழியில்லை. பித்தப்பையும் இல்லை, பித்தநீர் சேர்த்து வைக்கப்படாமல் சிறிது சிறிதாக ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் ஒன்றையே காட்டுகின்றன: நாளில் 16 மணித்தியாலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்குப் படைக்கப்பட்ட மிருகம் இது.

நாம் கொடுக்கும் சோறு, சோளம், வாற்கோதுமை ஆகியவற்றின் மாப்பொருள் சிறுகுடலில் செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் சேரும். புல்லின் நார் அங்கே செரிக்காது. அது பெருங்குடலுக்குப் போகும். பெருங்குடலும் அதன் வாயிலில் உள்ள பெரிய பையும் சேர்ந்து 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவை மெல்ல மெல்ல இரத்தத்தில் கலந்து நாள் முழுதும் வலுத் தருகின்றன. விறகு அடுப்பில் தணலாக நிற்பது போன்றது அது. மாப்பொருளோ ஓலை எரிவதுபோல் குப்பென்று எரிந்து அடங்கும்.

ஆபத்து எங்கே என்றால், சிறுகுடல் ஒரு வேளைக்கு இவ்வளவு மாப்பொருளைத்தான் செரிக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாப்பொருள், ஒரு வேளைக்கு. இதைப் பாதுகாப்பான அளவாகக் கொள்கிறார்கள். அதற்கு மேற்பட்டது செரிக்காமல் பெருங்குடலில் போய் விழும். அங்கே நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, இலக்ரிக் அமிலம் உண்டாக்குபவை பெருகும். வயிறு உப்பும், கடுத்து வலிக்கும். அமிலத்தால் குடற்சுவர் பழுதாகி நச்சுப்பொருள் இரத்தத்தில் கலந்தால் குளம்புக்குள்ளே அழற்சி ஏற்பட்டுக் குதிரை நொண்டியாகும். வயிற்றில் செய்த பிழை குளம்பில் தெரியும் என்பதை முதலில் கேட்டபோது எனக்கு நம்பவே கடினமாக இருந்தது.

வேகம் வேறு, தாக்குப்பிடித்தல் வேறு

என் மூத்த ராத்தாவின் மகன் வளைகுடா நாடொன்றில் நெடுந்தூர ஓட்டக் குதிரைகளின் லாயத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறான். அங்கே அதை 'இஸ்தபல்' என்பார்கள். நடந்ததைக் கேட்டு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான்: "சாச்சி, மாமாட்ட சொல்லுங்க, இங்க ஓட்டமில்லாத நாள்ல தானியத்தப் பாதிக்கும் கீழ கொறச்சிருவாங்க. புல்லு மட்டும் எப்பவும் முன்னால கெடக்கும். குதிரய நிக்க வெச்சித் தீனி குடுத்தா அது வெடிமருந்து கட்டி வெக்கிறமாதிரி."

அவன் சொன்னதன் உட்பொருள் இது. ஓடும் தசைக்கு இரண்டு எரிபொருள். ஒன்று, தசைக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன். குளுக்கோஸின் சேமிப்பு வடிவம் அது. பாய்ச்சலுக்கு அதுவே வேண்டும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். குதிரையில் அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். மற்றது கொழுப்பு. ஒரே எடையுள்ள மாப்பொருளைவிட இரண்டு மடங்குக்கு மேல் வலு அதில் உண்டு. ஆனால் அது எரியப் பிராணவாயு வேண்டும், நிதானமான ஓட்டம் வேண்டும், கிழமைக்கணக்கான பழக்கமும் வேண்டும். தாக்குப்பிடித்து ஓடுவது என்பது, கிளைக்கோஜனை மிச்சம் பிடித்துக் கொழுப்பை எரிக்கத் தசை பழகிக்கொள்வதுதான். அந்தப் பழக்கம் தீனியால் மட்டும் வராது; தீனியும் நடையும் ஒன்றாகக் கூடக்கூடத்தான் வரும்.

இனி நம் குதிரைக்கு நடந்ததைப் பாருங்கள். நாற்பது நாள் அசையாமல் நின்று சோறும் கொள்ளும் தின்றதில் தசை முழுக்கச் சேமிப்பு. எரிக்கப் பழகவில்லை. திடீரென்று விரட்டியதும் தசை நார்கள் இறுகி உடைந்தன. அவற்றின் சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கியது. பிளேன்டீ நிறம் அதனால்தான். அந்தப் புரதம் சிறுநீரகத்தையே அடைத்துவிடக்கூடும். வைத்தியர் தண்ணீரை வற்புறுத்தியது அதற்காக. ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகள் ஞாயிறு முழுவதும் நின்று முழுத் தீனி தின்றுவிட்டுத் திங்கள் காலை வேலைக்கு இறங்கியதும் இப்படியே விழுந்தனவாம். 'திங்கட்கிழமை நோய்' என்றே அதற்குப் பெயர். மஅபரில் அது நாற்பது நாளுக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை.

பழைய தீனியில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியே குற்றவாளி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வாற்கோதுமையை வறுப்பதால் அதன் மாப்பொருள் சிறுகுடலிலேயே நன்றாகச் செரிக்கும். கொள்ளைப் பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதைத் தடுக்கும். அவித்தால் அந்தத் தடை நீங்கும். நெய் கொழுப்புத்தானே, அதுவும் வலுவே. வளர்ந்த குதிரைக்குப் பாலிலுள்ள சீனியைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுவதால், நிறையக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும். பால்தான் கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. பிழை பொருளில் இல்லை. அளவிலும், புல் இல்லாமையிலும், நிற்க வைத்ததிலும், பிறகு திடீரென்று விரட்டியதிலும் இருந்தது.

மிழ்மார் சொல்லும் நாற்பது நாள்

மருமகன் பேச்சோடு பேச்சாக ஓட்டத் திடலை 'மிழ்மார்' என்றான். அந்தச் சொல் எனக்கு ஒரு கதவைத் திறந்தது. இளைத்து இறுகுதல் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்த சொல் அது. குதிரையை ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்வதற்கு அரபியர் இட்ட பெயர் 'தழ்மீர்'. குதிரைக்கு முதலில் தீனி கொடுத்துத் தேற்றி, பிறகு அதைக் குறைத்து வெறும் சீவியத்துக்குப் போதுமான அளவுக்குக் கொண்டுவந்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து, ஊளைச் சதை கரைய இறுக்கி எடுப்பது. பழைய அரபு அகராதிகள் இதற்குச் சொல்லும் காலம் நாற்பது நாள். அந்தக் காலத்துக்கும் மிழ்மார் என்றே பெயர். பிறகு அது ஓடுகின்ற திடலுக்கும் பெயராயிற்று.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டம் நடத்தியபோது, தழ்மீர் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யதுல் வதா வரை ஓட்ட தூரம் வைத்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்குகிறார். ஆயத்தம் செய்யப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. அது ஏறக்குறைய ஒரு மைல். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள் அதில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர். புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை நாம் குதிரைப் பந்தயம் ஆகுமா ஆகாதா என்ற பேச்சுக்கே பயன்படுத்திவிட்டோம். ஆயத்தமில்லாத பிராணியிடம் ஆயத்தமானதன் வேலையைக் கேட்கக்கூடாது என்ற வரம்பு அதிலேயே இருக்கிறது.

மஅபரின் நாற்பது நாளையும் மிழ்மாரின் நாற்பது நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொழுக்க வைத்தல் என்ற முதற்பாதி இரண்டிலும் இருக்கிறது. இறுக்கி எடுத்தல் என்ற பிற்பாதி மஅபரில் இல்லை. குதிரை கப்பலேறி வந்தது; அதை வளர்க்கும் அறிவு பாதி வழியில் நின்றுவிட்டதோ என்பது என் எண்ணம். நானும் அந்தப் பக்கத்தைப் பாதிதானே வாசித்தேன்.

இப்போது என்ன கொடுக்கிறோம்

தம்பியின் குதிரை ஏறக்குறைய 350 கிலோ. வைத்தியரும் மருமகனும் சொன்னதைச் சேர்த்து எழுதிய கணக்கு இது. வேறு குதிரை வளர்ப்போர் தம் வைத்தியரிடம் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

புல் முதலாவது. உலர்ந்த எடையில் பார்த்தால் உடல் எடையின் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது நாளுக்கு வேண்டும். அதாவது ஐந்தேகால் கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே 20 முதல் 25 கிலோ வெட்ட வேண்டும். மணற்பாங்கான எங்கள் தரையில் இது இலேசான வேலையல்ல. தரையில் போட்டால் மணலையும் சேர்த்துத் தின்று குடலில் மணல் படியும். எனவே தொட்டியில் போடுகிறோம்.

தானியம் இரண்டாவது. சோளம் என்றால் ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இல்லை. அதுவும் வேலை செய்த நாளில் மட்டும், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. ஓட்டத்துக்கு முந்திய மூன்று நான்கு மணித்தியாலத்துக்குள் தானியம் இல்லை. கொஞ்சம் புல் தின்னலாம். நிற்கிற நாளில் தானியமே இல்லை.

மூன்றாவது, நம் தென்னை முக்கோணத்தின் கொடை. தேங்காய்ப் புண்ணாக்கில் மாப்பொருள் மிகக் குறைவு. நாரும் எண்ணெயும் உண்டு. நூற்றுக்கு இருபது அளவில் புரதமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஓட்டக் குதிரைகளுக்கு இதையே ஊற வைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் வளரும் குதிரைக்கு அவசியமான லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. அந்தக் குறையைக் கொள்ளு தீர்க்கும். சோற்றுக்குப் பருப்புப் போல, புண்ணாக்குக்குக் கொள்ளு. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. மணத்திப் பார்த்து, சந்தேகமென்றால் எறிந்துவிட வேண்டும். எண்ணெய் சேர்ப்பதானால் 50 மில்லிலீற்றரில் தொடங்கி மூன்று கிழமையில் மெல்ல 200 வரை. எந்தப் புதுத் தீனியும் பத்து நாளாவது எடுத்து, பழையதைக் குறைத்துக் குறைத்துத்தான் மாற்ற வேண்டும். பெருங்குடலின் நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

நான்காவது எலும்பு. அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. தவிட்டையே நம்பினால் உடல் எலும்பிலிருந்து கல்சியத்தை இழுத்தெடுக்கும். எலும்பு மென்மையாகி முகம் வீங்கும். குதிரை காரணம் தெரியாமல் நொண்டும். ஆகவே தவிட்டை நிறுத்தினோம். தீனித் தரச் சுண்ணாம்புக்கல் தூள் வைத்தியர் சொன்ன அளவில் சேர்கிறது.

ஐந்தாவது உப்பும் தண்ணீரும். குதிரையின் வியர்வை மனித வியர்வையைவிட உப்பு மிகுந்தது. கடும் வெக்கையில் ஓடினால் மணித்தியாலத்துக்கு 10 லீற்றருக்கு மேல்கூட வியர்க்கும். நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, வியர்த்த நாளில் இரண்டு மூன்று. உப்புக்குப் புத்தளத்தார் எங்கும் போக வேண்டியதில்லை. தண்ணீர் 25 முதல் 40 லீற்றர். எங்கள் தோட்டக் கிணறுகளில் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று ஒரு பிரச்சினை. ஆகவே குழந்தைகளுக்குக் கொடுக்கிற தண்ணீரையே குதிரைக்கும் கொடுக்கச் சொன்னார் வைத்தியர்.

கடைசியாக, வயது. இரண்டரை வயதுக் குதிரையின் எலும்பு முனைகள் இன்னும் முற்றவில்லை. அளவுக்கு மீறிய தீனி அதை விரைவில் பெருக்க வைக்கும். மூட்டுக் குருத்தெலும்போ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சர்வதேச விதிப்படி 160 கிலோமீற்றர் ஓட்டத்தில் கலந்துகொள்ளக் குதிரைக்குக் குறைந்தது எட்டு வயதாக வேண்டும். இடையில் வைத்தியப் பரிசோதனையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்காவிட்டால் அத்தோடு ஓட்டம் முடிந்தது. இதைச் சொன்னதும் தம்பி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப இன்னும் அஞ்சாறு வருஷமா, ராத்தா?" என்றான். "வெங்காயமா, மூணு மாசத்துல கிண்டி எடுக்க?" என்றேன்.

கணக்கு யார் பேரில்?

ஒன்றை எழுதாமல் விட மனம் வரவில்லை. மஅபர் வாணிகத்தைப் பற்றிப் பேசும்போது பெருமையோடு பேசுகிறோம். பெருமைக்கு இடமும் உண்டு. ஆனால் வஸ்ஸாஃப் எழுதிய உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கடலில் குதிரை காயப்பட்டாலும் இறந்தாலும் அதன் விலையை அரச கருவூலமே கொடுக்க வேண்டும். மார்க்கோ போலோவோ, குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் அங்கே போகாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள், ஆண்டுதோறும் சாவதே அவர்களுக்கு இலாபம் என்கிறார். அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். எனினும் விற்கத் தெரிந்த நாம் வளர்க்கக் கற்றுக்கொடுத்தோமா என்ற கேள்வி நிற்கிறது. அளவையில் குறை செய்வதைப் பற்றிப் பேசும் நம் மார்க்கம், அறிவை ஒளித்து விற்பதைப் பற்றி மௌனமாக இருக்குமா? குர்ஆனின் நூறாவது அத்தியாயம், மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் பெயராலேயே 'அல்-ஆதியாத்' எனப்படுகிறது. அந்த மூச்சு நம் பொறுப்பில் விடப்பட்ட அமானிதம்.

குதிரை வளர்க்கிறவர்கள் இவ்விதழின் வாசகர்களில் மிகச் சிலரே இருப்பீர்கள். ஆடும் மாடும் வளர்க்கிறவர்கள் நிறையப் பேர். வலீமா முடிந்த மறுநாள் மிஞ்சிய சோற்றைச் சட்டியோடு ஆட்டின் முன் கவிழ்ப்பதை எல்லா ஊரிலும் காண்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது குர்பான் மாட்டைக் கொழுக்க வைக்கக் கஞ்சியும் சோறும் அள்ளி வைப்பதையும் காண்கிறோம். அதன் வயிற்றிலும் இதே கதைதான். மாப்பொருள் ஒரேயடியாகப் போய் இரைப்பை அமிலமாகி, வயிறு உப்பி, இரண்டு நாளில் விழுந்துவிடும். கண்ணூறு என்போம், யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்போம். வைத்தது நாமே, அன்போடு. சோறு மிஞ்சினால் பல மிருகங்களுக்குப் பிரித்து ஒவ்வொரு கைப்பிடி வையுங்கள். முதலில் வயிறு நிறையப் புல் தின்னட்டும்.

தம்பியின் குதிரை இப்போது காலையில் அரை மணித்தியாலம் நடக்கிறது. கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுகிறோம். முன்போல மினுமினுப்பு இல்லை, விலா எலும்பு தொட்டால் தெரிகிறது. வேலியில் தொங்கும் பிள்ளைகள் "டீச்சர், குதிரை மெலிஞ்சிட்டுது" என்று கவலைப்படுகிறார்கள். தழ்மீர் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அவர்களுக்கு விளக்கி வருகிறேன்.